சேலஞ்ச்: எல்லாவற்றுக்கும் சவால்தானா?

போன மாதம் ஒரு துண்டறிக்கை பிழை பார்க்க வந்தது. தில்லியில் குடிசைப் பகுதிகளில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தது. அதில் ஒரு வரி: ‘இந்த ஆணையைச் சவால் விட உங்களுக்கு 30 நாட்கள் அவகாசம் உண்டு.’ எங்கள் குடியிருப்பில் வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். விழுப்புரம் பக்கத்துக்காரர். இரண்டு முறை படித்தார். “கவர்மெண்டுகிட்ட போய் நாம எதுக்குத் தம்பி சவால் விடணும்? நமக்கு எதுக்கு வம்பு?” என்று தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உனக்கு உரிமை இருக்கிறது என்று சொல்ல வந்த வரி, ஒதுங்கிப் போ என்று சொல்லிவிட்டது. ஆங்கில மூலத்தில் ‘சேலஞ்ச்’ என்று இருந்திருக்கும். மொழிபெயர்த்தவர் கை பழக்கத்தில் ‘சவால்’ என்று போட்டுவிட்டது. இந்தப் பழக்கத்தைப் பல வருடமாகப் பார்க்கிறேன். இந்தத் தடவை பொறுக்க முடியவில்லை.

சேலஞ்ச் என்ற சொல் லத்தீனின் ‘கலும்னியா’விலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கலும்னியா என்றால் பொய்க் குற்றச்சாட்டு. ஆங்கிலத்திலும் குற்றம் சாட்டுவது, மறுத்துக் கேட்பது என்றுதான் தொடங்கியது. கடினமான வேலை என்ற பொருளெல்லாம் வெகு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. நீதிமன்றத்தில் இன்றும் பழைய பொருள்தான். காவலுக்கு நிற்கும் சிப்பாய் இருட்டில் ‘யாரது, நில்!’ என்று கேட்பதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்.

சவால் அரபுச் சொல். ‘சுஆல்’ என்றால் கேள்வி. இந்தியிலும் உருதுவிலும் இன்றைக்கும் அதேதான். இங்கே தில்லியில், பள்ளியில் கணக்கைக்கூட ‘சவால்’ என்றுதான் சொல்வார்கள். அந்தத் துண்டறிக்கையை எட்டிப் பார்த்த என் மகள், “ஆணையை எப்படிப்பா கேள்வி விடறது?” என்று கேட்டாள். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அந்தச் சொல் போட்டிக்கு இழுப்பது என்று திரும்பிவிட்டது. எப்படித் திரும்பியிருக்கும் என்பதற்கு எனக்கு ஒரு எண்ணம் உண்டு. தில்லியில் கலையரங்குகள் இருக்கும் மண்டி ஹவுஸ் பக்கம் இந்துஸ்தானிக் கச்சேரிக்குப் போனால் ‘சவால்-ஜவாப்’, அதாவது கேள்வி-பதில், கேட்கலாம். சிதார்க்காரர் ஒரு துணுக்கை வாசித்துவிட்டு நிறுத்தித் தலையைத் திருப்புவார். தபலாக்காரர் அதே கணக்கை விரலில் திருப்பித் தருவார். அடுத்தது இன்னும் வேகம். அந்த இடத்தில் கேள்வி கேட்பதும் ‘முடிந்தால் செய்து காட்டு’ என்பதும் ஒன்றுதான்.

சரி, இதற்கு மாற்று என்ன? தனித்தமிழ் அன்பர்கள் உடனே ‘அறைகூவல்’ என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அறைகூவுதல் என்றால் உரக்கக் கூவி அழைப்பது. சண்டைக்கு அழைப்பதும் அதில் அடக்கம், மறுக்கவில்லை. ஆனால் திருவாசகத்தில் ‘அறைகூவி ஆட்கொண்டருளி’ என்று வருகிறதே, அங்கே இறைவன் யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. கூவி அழைத்து ஏற்றுக்கொள்கிறான். இன்றைய வழக்கிலும் தலைவர் மாநாட்டு மேடையில் தொண்டர்களுக்கு ‘அறைகூவல் விடுத்தார்’ என்றால் அழைப்பு விடுத்தார் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். இந்த நிலையில் ‘இளைஞர்கள் முன் உள்ள அறைகூவல்கள்’ என்று கட்டுரைக்குத் தலைப்பு வைத்தால், யார் கூப்பிடுகிறார்கள், எங்கே கூப்பிடுகிறார்கள் என்றுதான் வாசகர் தேடுவார். ‘காற்று மாசு என்னும் அறைகூவல்’ என்றும் படித்திருக்கிறேன். நவம்பர் மாதத்தில் தில்லியில் காலை ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்தவர் அப்படி எழுத மாட்டார். மூச்சு விடுவதே பெரும்பாடாக இருக்கிறது என்பார். ‘பெரும்பாடு’ என்று நம் வீட்டிலேயே ஒரு சொல் இருக்கும்போது அதை விட்டுவிட்டு அறைகூவலை எதற்குத் தேடிப் போக வேண்டும்? மலையாளிகள் ‘வெல்லுவிளி’ என்கிறார்கள். வெல், விளி இரண்டும் நம்மிடமும் இருப்பவை, கேட்கவும் அழகாக இருக்கிறது. ஆனால் தமிழ் வாசகருக்கு அதை விளக்க இன்னொரு வரி வேண்டும். மேலும், அரபு என்பதற்காகச் சவாலை விரட்டினால் வக்கீல், பாக்கி, வசூல், ரத்து எல்லாவற்றையும் கூடவே அனுப்ப வேண்டியிருக்கும். சவால் இருக்கட்டும். அதன் இடத்தில் இருக்கட்டும்.

அதன் இடம் எது? ஒருவர் இன்னொருவரைப் பார்த்து ‘உன்னால் முடியுமா’ என்று கேட்கும் இடம். 2014-இல் ‘ஐஸ் பக்கெட் சேலஞ்ச்’ என்று தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, அடுத்து நீ செய் என்று இன்னொருவர் பெயரைச் சொன்னார்களே, அது அசல் சவால். அரசாணையையோ தீர்ப்பையோ அப்படிச் செய்ய முடியாது. அதை எதிர்த்து வழக்குப் போடலாம், மேல்முறையீடு செய்யலாம். ஒரு கருத்தை ‘சேலஞ்ச்’ செய்கிறார்கள் என்றால் கேள்விக்கு உட்படுத்துகிறார்கள். அரபுக்காரர் சொன்ன கேள்வி இங்கேதான் கச்சிதமாக உட்காருகிறது, இங்கே போய்ச் ‘சவால் விடும் ஆய்வு’ என்று எழுதுகிறார்கள். ‘சேலஞ்சிங்’கான வேலை என்று வேலைக்கு ஆள் எடுப்பவர் சொன்னால் மூளைக்கு வேலை கொடுக்கும் வேலை. அதையே அந்த வேலையை ஆறு மாதம் பார்த்தவர் சொன்னால் பெண்டை நிமிர்த்தும் வேலை. சொல் ஒன்று, வாய் இரண்டு. யார் சொல்கிறார் என்று பார்க்காமல் அகராதியைத் திறந்து பயன் இல்லை. ஒரு விளையாட்டுச் செய்தியில் ‘சவாலுக்கு உயர்ந்தார்’ என்று பார்த்தேன். ஆங்கிலத்தின் ‘ரோஸ் டு த சேலஞ்ச்’ அப்படியே இறங்கியிருக்கிறது. ஈடுகொடுத்து ஆடினார் என்று எழுத அந்த ஆட்டத்தை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்திருந்தாலே போதும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள வருத்தம் இதுதான். வார்த்தைக்குக் கூலி, நாளைக்கு இத்தனை பக்கம் என்ற அவசரம் எனக்கும் தெரியும். நானும் அதில்தான் பிழைக்கிறேன். ஆனால் ஒரு வார்த்தைக்கு ஒரே வார்த்தை என்று மனதுக்குள் பட்டியல் போட்டு வைத்துக்கொள்வதை அவசரம் என்று சொல்ல முடியாது. எழுதிய வரியை வாய்விட்டு ஒருமுறை படித்தால் அரை நிமிடம்கூட ஆகாது.

அந்த வரியை ‘இந்த ஆணையை எதிர்த்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்’ என்று மாற்றி, மறுநாள் அதே அக்காவிடம் காட்டினேன். படித்தார். “இதை எங்க போய்க் கொடுக்கணும் தம்பி?” என்று கேட்டார். அந்த விவரம் துண்டறிக்கையில் இல்லை. சேர்க்கச் சொல்லி எழுதி அனுப்பியிருக்கிறேன்.