ஆண் ஹார்மோன் ஊசி போட்டால் விந்தணு ஏன் காணாமல் போகிறது?

பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 36, அறுவடை மிஷின் ஓட்டுகிறார். எப்போதும் அசதியாக இருக்கிறது என்று போனவரிடம் ‘ஆண் ஹார்மோன் கம்மி’ என்று சொல்லி, ஒரு வருஷமாக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டு வருகிறார்கள். உடம்பு தெம்பாகத்தான் இருக்கிறதாம். குழந்தை தங்கவில்லையே என்று கும்பகோணத்தில் விந்துப் பரிசோதனை செய்து பார்த்தால், ஒரு விந்தணுகூட இல்லை என்று ரிப்போர்ட். “ஆம்பளை ஹார்மோனை ஏத்துனா விந்தணு கூடத்தானே சார் செய்யணும்?” என்று கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஊசி, அதன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் இப்படி ஆனது.

பள்ளிக்கூடத்தில் படித்ததை வேகமாகத் தாண்டிவிடலாம். மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதாலமஸ் ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனை விடுகிறது. அது பக்கத்திலேயே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டுகிறது. பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்று இரண்டை ரத்தத்தில் அனுப்புகிறது. எல்.எச். விரைக்குப் போய் லேடிக் செல்களை டெஸ்டோஸ்டிரோன் செய்ய வைக்கிறது, எஃப்.எஸ்.எச். விந்தணுவை வளர்க்கும் செர்டோலி செல்களைக் கவனித்துக்கொள்கிறது.

சரி, போதுமான அளவு வந்துவிட்டது என்று மூளைக்கு எப்படித் தெரியும்? ரத்தத்தைப் பார்த்துத்தான். அங்கே டெஸ்டோஸ்டிரோனும், அதிலிருந்து உண்டாகும் ஈஸ்ட்ரோஜனும் ஏறினால் மேலே உத்தரவு குறைகிறது, இறங்கினால் கூடுகிறது. ஐப்பசியில் டெல்டாவில் அடைமழை பிடித்தால் மேட்டூரில் திறப்பைக் குறைத்துவிடுவார்கள் இல்லையா, அதே கணக்கு. ஊசியில் வந்த டெஸ்டோஸ்டிரோன்தான் அந்த மழை. அது எங்கிருந்து வந்தது என்று மூளை கேட்பதில்லை, ‘நிறைய இருக்கிறது’ என்று ஜி.என்.ஆர்.எச்.சை நிறுத்திவிடுகிறது. எல்.எச். அடிமட்டத்துக்கு இறங்குகிறது, லேடிக் செல்கள் சும்மா உட்கார்ந்துவிடுகின்றன.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. விந்தணு உருவாக, ரத்தத்தில் இருக்கும் அளவு டெஸ்டோஸ்டிரோன் பத்தவே பத்தாது. விரைக்குள் இருக்கும் அளவு ரத்தத்தைவிட ஐம்பது, நூறு மடங்கு அதிகம், ஏனென்றால் அது தயாராகும் இடமே அதுதான். ஊசி ரத்தத்தின் அளவைச் சரிக்கட்டிவிடும், மீசை, தசை, ஆசை எல்லாவற்றுக்கும் அது போதும். ஆனால் உள்ளூர்த் தயாரிப்பு நின்றதும் விரைக்குள் இருந்த அந்தப் பெரிய செறிவு சரிந்துவிடுகிறது. மூளைக்கோ ரத்தத்தில் என்ன இருக்கிறது என்றுதான் தெரியும், விரைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. இதை நம்பியே உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகச் சோதித்துப் பார்த்தது, வேலையும் செய்தது. நம் வாசகர் குழந்தை வேண்டும் என்று தவித்துக்கொண்டே கருத்தடை ஊசி போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இதை அவரிடம் முதல் நாளே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் வேறொன்று. ஜி.என்.ஆர்.எச். ஒரே சீராக ஒழுகுவதில்லை, விட்டு விட்டுத் துடிப்பாக வருகிறது, வயது வந்த ஆணுக்கு ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. 1970களின் கடைசியில் பிட்ஸ்பர்க்கில் எர்ன்ஸ்ட் நோபில் என்ற விஞ்ஞானியின் குழுவினர் ஹைப்போதாலமஸ் செயலிழக்கச் செய்யப்பட்ட ரீசஸ் குரங்குகளுக்கு இந்த ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்தார்கள். மணிக்கு ஆறு நிமிஷம் மட்டும் கொடுத்தபோது பிட்யூட்டரி ஜம்மென்று வேலை செய்தது. அதையே இடைவிடாமல் கொடுத்தபோது படுத்துவிட்டது! மருந்து அதேதான், தாளம்தான் வேறு. ஓயாமல் தட்டினால் பிட்யூட்டரி செல்கள் தங்கள் மேலுள்ள, ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொண்டு காது கேளாததுபோல இருந்துவிடுகின்றன. இன்று புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கொடுக்கும் லூப்ரோலைடு ஊசி இந்தத் தந்திரத்தில்தான் ஓடுகிறது: தூண்டும் மருந்தையே விடாமல் கொடுத்து டெஸ்டோஸ்டிரோனை அணைத்துவிடுகிறார்கள்.

வாசகருக்கு: பெரும்பாலானவர்களுக்கு ஊசியை நிறுத்திய சில மாதங்களில் விந்தணு திரும்பிவிடும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். எல்.எச். மாதிரியே வேலை செய்யும் எச்.சி.ஜி. ஊசியைக் கொடுத்து லேடிக் செல்களை எழுப்பவும் முடியும். நீங்களாக எதையும் செய்யாமல், ஹார்மோன் மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். பழைய ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள், எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தார்கள் என்று அவர் முதலில் கேட்பார். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து சாயங்காலம் இறங்கிவிடும். வயலிலிருந்து வந்து ஆறு மணிக்கு ரத்தம் கொடுத்தால் யாருக்கும் குறைவாகத்தான் காட்டும். காலையில், இரண்டு தனித்தனி நாளில் பார்த்து, இரண்டிலும் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்து, அறிகுறியும் இருந்தால்தான் அதைக் குறைபாடு என்று அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் சொல்கிறது. தொப்பையும் சர்க்கரையும்கூட அளவை இறக்கும், எடை குறைந்தால் ஓரளவு தானாகவே ஏறும்.

உண்மையிலேயே தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். பொன்னுக்கு வீங்கி வந்து விரை கெட்டவர்கள், பிட்யூட்டரியில் கட்டி வந்தவர்கள், ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாகப் பிறந்தவர்கள். இவர்களில் பலருக்கு இது வாழ்நாள் சிகிச்சை, எலும்புக்கும் சேர்த்துத்தான். அவர்கள் ரத்தத்தை விடாமல் கவனிக்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணு உற்பத்தியைக் கூட்டும். ரத்தத்தில் சிவப்பணு பிடிக்கும் பங்கு, அதாவது ஹெமட்டோகிரிட், 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்தி, இறங்கிய பிறகு குறைந்த அளவில் தொடங்குவார்கள்.

இதயத்துக்கு ஆபத்தா? அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015இல் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தியதால் வந்த டிராவர்ஸ் ஆய்வு, 5,200 ஆண்களை வைத்து 2023இல் வெளியானது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை, ஆனால் சீரற்ற இதயத்துடிப்பும் நுரையீரலில் ரத்தக்கட்டியும் கொஞ்சம் கூடின. தொடர்ந்து கவனித்தது சராசரியாக 33 மாதம்தான். முப்பது வருஷம் போட்டுக்கொள்ளப் போகிறவனுக்கு மூன்று வருஷக் கணக்கு எந்த மூலைக்கு? நீண்ட கால ஆய்வுக்குப் பணம் போட கம்பெனிக்கு ஆசை வராது, அதை அரசுப் பணத்தில்தான் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. இங்கேயோ ‘விந்து விட்டான் நொந்து கெட்டான்’ என்று பயமுறுத்தி, மாதம் ஒரு நாள் லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்கிறவர்கள் காட்டில்தான் மழை.

அப்புறம், ஊசிக்குப் பதில் ஜெல் பூசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பூசிய தோளில் குழந்தையைச் சாய்த்துத் தூங்க வைக்காதீர்கள். மருந்து தோல் வழியாகக் குழந்தைக்கு ஏறி, சின்ன வயதிலேயே பருவ மாற்றங்கள் தொடங்கியது உண்டு. பூசியதும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஜெல் காய்ந்த பிறகு சட்டை போட்டு மூடிக்கொள்ளுங்கள்.