ரத்தம் கொடுத்தவருக்கும் பரிசோதனை முடிவைக் கேட்கும் உரிமை உண்டு

தானமாகப் பெறப்படும் ரத்தத்தை எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதித்த பிறகே நோயாளிக்கு ஏற்ற வேண்டும் என்பது விதி. குறையுள்ள பையை அழித்துவிட்டால் ரத்த வங்கியின் கடமை முடிந்துவிடாது. கொடுத்தவரை அழைத்து, ஆலோசனை சொல்லி, மேல் சோதனைக்கு அனுப்பவும் வேண்டும். நான் பார்த்தவரை, நழுவுவது இந்தப் பிற்பாதிதான்.

ஏற்காட்டு மலைக் கிராமத்துத் தம்பி ஒருவர், ஊரில் சிக்னல் கிடைக்காது என்பதால், ரத்ததான முகாம் படிவத்தில் சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் மாமாவின் எண்ணை எழுதிவிட்டார். சோதனையில் ஹெபடைடிஸ் பி தெரிந்தது. முடிவைப் பிறரிடம் சொல்லக் கூடாது என்பதால் (அது சரியான விதிதான்), "அவரை ஒருமுறை வரச் சொல்லுங்கள்" என்று மாமாவிடம் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார்கள். சான்றிதழ் கொடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று மாமாவும் விட்டுவிட்டார். ஐந்து மாதம் கழித்து அந்தத் தம்பி இன்னொரு முகாமில் மறுபடியும் கையை நீட்டினார். விஷயம் அரைகுறையாகக் காதில் விழுந்து, இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வந்தவரை, ஆலோசகர் விடுப்பு என்றும், முகாம் நடத்தியவர்களைக் கேளுங்கள் என்றும், திங்கட்கிழமை வாருங்கள் என்றும் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போனது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது.

ஆகவே படிவத்தில் உங்கள் சொந்த எண்ணையே எழுதுங்கள். முடிவில் மாறுபாடு இருந்தால் தெரிவிக்கலாமா என்ற கேள்வி பெரும்பாலான படிவங்களில் இருக்கும். அதை வெற்றாக விடாமல் 'ஆம்' என்று குறியுங்கள். முகாம் நடத்தியவருக்கு உங்கள் முடிவு தெரியக் கூடாது. அவரைக் கேட்கச் சொன்னால் நகராதீர்கள். தேதியையும் பை எண்ணையும் குறித்து, ரத்த வங்கியின் மருத்துவ அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

அழைப்பு வராததை 'எல்லாம் சரி' என்று எடுத்துக்கொள்வது பெரிய தவறு. முதல் சோதனையில் தெரிவதும் முடிவானதல்ல, உறுதிச் சோதனை தேவை. எச்.ஐ.வி. சந்தேகம் இருப்பவர் சோதித்துப் பார்ப்பதற்காக முகாமுக்குப் போகவே கூடாது. புதிதாகத் தொற்றியது சில வாரங்கள் வரைகூடச் சோதனையில் சிக்காமல் நோயாளியின் உடம்பில் ஏறிவிடும். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் அந்தச் சோதனை இலவசம், ரகசியமும் காக்கப்படும்.

ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். தனியார் ஆய்வகத்தில் பணத்தைக் கொட்டும் முன், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இத்திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.