வாடகைக் குறைப்பும் வாக்குறுதி முரண்தடையும்: நீதிபதி டென்னிங் வகுத்த விதி

ஒருவர் தந்த வாக்கை நம்பி மற்றவர் நடந்துகொண்ட பிறகு, வாக்களித்தவர் அதை மறுத்துப் பழைய உரிமையைக் கோருவதைத் தடுக்கும் விதிக்கு வாக்குறுதி முரண்தடை என்று பெயர். வழக்கறிஞர்கள் ப்ராமிசரி எஸ்டாப்பல் என்பார்கள். இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் இதற்கு இன்றைய வடிவம் தந்தவர் நீதிபதி டென்னிங் (1899–1999).

லண்டனில் ஹை ட்ரீஸ் ஹவுஸ் என்ற அடுக்குமாடிக் கட்டடம், 1937-இல், ஆண்டுக்கு 2,500 பவுண்டு வாடகையில் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. போர் மூண்டு வீடுகளுக்கு ஆள் கிடைக்காமல் போகவே, 1940 ஜனவரியில் உரிமையாளர் நிறுவனம் வாடகையைப் பாதியாக, அதாவது 1,250 பவுண்டாகக் குறைப்பதாக எழுதிக்கொடுத்தது. 1945-இல் வீடுகள் நிரம்பிவிட, முழு வாடகை கேட்டு வழக்கு வந்தது. கோரியது அவ்வாண்டின் கடைசி இரு காலாண்டுகளுக்கு மட்டுமே. சலுகைக்குக் காரணமான நிலை நீங்கிவிட்டதால் அந்தத் தொகை முழுவதும் தரப்பட வேண்டும் என்று 1947-இல் சட்ட அறிக்கைத் தொகுப்பில் வெளியான தீர்ப்பில் டென்னிங் கூறினார். ஆனால் 1940 முதலான பாக்கியைக் கேட்டிருந்தால் அது கிடைத்திருக்காது என்றும் சேர்த்துச் சொன்னார். வழக்கை முடிக்க இந்த இரண்டாவது கூற்று தேவையே இல்லை. நிலைத்து நின்றதோ அதுதான்.

குத்தகைதாரர் சலுகைக்கு மறுபயன், அதாவது பதிலாக மதிப்புள்ள எதையும், தரவில்லை என்பதே இதில் சிக்கல். கடனில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு மீதியை விட்டுவிடுவதாகச் சொன்னாலும், மறுபயன் இல்லையேல் அந்தச் சொல் கட்டுப்படுத்தாது என்று, அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1884-இல் தீர்ப்பளித்திருந்தது. டென்னிங் அதே சபையின் 1877-ஆம் ஆண்டு ஈக்விட்டி (நியாய உணர்வை அடிப்படையாகக் கொண்ட சட்டப் பிரிவு) தீர்ப்பொன்றைப் பற்றிக்கொண்டு இதைச் சுற்றிச் சென்றார். துணிச்சலான நகர்வுதான்.

இவ்விதியைக் கோர, தெளிவான வாக்குறுதி இருக்க வேண்டும். அதை நம்பி நடந்திருக்க வேண்டும். அதிலிருந்து பின்வாங்குவது அநீதியாக இருக்க வேண்டும். தக்க முன்னறிவிப்புத் தந்து வருங்காலத்துக்குப் பழைய உரிமையை மீட்க முடியும். இங்கிலாந்தில் இதைத் தற்காப்பாகவே எழுப்ப முடியும்; இதை மட்டும் வைத்து வழக்குத் தொடர முடியாது. கணவர் ஆண்டுக்கு 100 பவுண்டு தருவதாகச் சொன்னதை வைத்து மணமுறிவு பெற்ற மனைவி வழக்காடியபோது, 1951-இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்த அமர்வில் டென்னிங்கும் இருந்தார்.

இந்தியாவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. மூன்றாண்டு விற்பனை வரிவிலக்கு உண்டு என்ற உத்தரப் பிரதேச அரசின் உறுதியை நம்பி, மோதிலால் பதம்பத் சர்க்கரை ஆலை நிறுவனம் வனஸ்பதித் தொழிற்சாலை தொடங்கியது. பின்னர் அரசு மறுத்தது. அந்த வாக்கு அரசைக் கட்டுப்படுத்தும் என்று 1978 டிசம்பரில் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டம் தடுப்பதைச் செய்வதாக அரசு தந்த வாக்குக்கு மட்டும் இந்தப் பாதுகாப்புக் கிடையாது. மேலான பொதுநலன் இருப்பதாக அரசு சொன்னால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் அரசுடையதே.