ஒரு நாளைக்கு ஒரு சாண்

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "வெள்ளம் வந்தா பாலாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடுது. கொஞ்ச மாசம் கழிச்சுப் பார்த்தா வெறும் மணல். அவ்வளவு தண்ணியும் கடலுக்கே போயிடுச்சா சார்?"

பெரும்பங்கு போய்விட்டது, உண்மைதான். மிச்சம் மணலுக்கடியில் இருக்கிறது.

கடல், ஆவி, மேகம், மழை எல்லாம் பள்ளியில் படித்தது, தாண்டிவிடலாம். எந்த நிலத்தில் விழும் மழையெல்லாம் ஓர் ஆற்றுக்கு வடிகிறதோ அதுதான் அந்த ஆற்றின் படுகை. இதைப் புரிந்துகொள்ள ஜவ்வாது மலை ஒன்றே போதும். அதன் வடசரிவில் விழும் துளி ஓடைகள் வழியாக நேரே பாலாற்றுக்கு வரும். கிழக்கே விழுந்தால் செய்யாற்றில் சுற்றிக்கொண்டு போய்த் திருமுக்கூடலில் அதே பாலாற்றைப் பிடிக்கும். தெற்கே சில அடி தள்ளி விழுந்தது தென்பெண்ணைக்குச் சொந்தம். நந்தி மலையில் தொடங்கி வயலூரில் கடல் சேரும் வரை 348 கி.மீ. நீளத்துக்கு இந்தப் பங்குபிரிப்பை முகடுகள்தான் செய்கின்றன.

இனி மணலுக்கு வருவோம். கோடையில் ஆற்றுக்குள் ஊத்து தோண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மேல்மணல் வெளுத்துச் சுடும். முழங்கை ஆழத்தில் நிறம் கறுத்து ஈரம் தட்டும். இன்னும் கொஞ்சம் போனால் பக்கங்கள் சரியச் சரியக் கலங்கல் நீர் கசியும். இரண்டு முறை சொம்பால் இறைத்துக் கொட்டினால் மூன்றாவது தெளிவாக வரும். மேலே காய்ந்த அந்த மணல்தான் மூடி. அது காய்ந்ததும் கீழிருந்து ஈரம் ஏறும் நுண்குழாய்த் தொடர் அறுந்துபோகிறது, ஆவியாதல் மிகவும் குறைந்துவிடுகிறது. திறந்த ஏரியில் வெயில் ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் குடித்துவிடும்.

ஒரு கன மீட்டர் ஆற்று மணலில் ஏறக்குறைய 300 லிட்டர் நீர் நிற்கும், அதில் 200 லிட்டராவது கிணற்றுக்குக் கிடைக்கும். களிமண் இதைவிட அதிகம் பிடித்து வைக்கும், ஆனால் கொடுக்க மனசு வராத கஞ்சன். வேலூரின் கரும்பாறையிலோ விரிசல் இருந்தால்தான் உண்டு. அதனால்தான் மணல் லாரிகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. அணையை உடைத்து விற்கிறோம் என்றால் ஊர் திரண்டிருக்கும்.

இந்த நீர் எவ்வளவு வேகமாக நகர்கிறது? எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இது. 1856இல் பிரான்சின் திஷோன் நகரப் பொறியாளர் ஆன்ரி தார்சி, மணல் நிரப்பிய குழாயில் நீரை விட்டு அளந்து ஒரு விதியைச் சொன்னார்: மணலின் கடத்துதிறனை, அதாவது அது நீரை எவ்வளவு எளிதாக ஊடுருவ விடுகிறது என்ற அளவை, சரிவால் பெருக்கினால் ஓட்டம் கிடைக்கும். வேலூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 200 மீட்டர், ஆற்றுவழியே கடலுக்குச் சுமார் 140 கி.மீ. கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர் சரிவு என்று கொள்வோம். பருமணலின் கடத்துதிறன் நாளுக்கு 50 மீட்டர் என்று வைத்தால் ஏழரை சென்டிமீட்டர் வருகிறது. நீர் செல்வது மணலின் 30 விழுக்காடு இடைவெளியில் மட்டுமே என்பதால் அதை 0.3ஆல் வகுக்க வேண்டும். விடை 25 செ.மீ. நாளைக்கு ஒரு சாண்! ஆண்டுக்குத் தொண்ணூறு மீட்டர். யாரும் உறிஞ்சாமல் விட்டால், பல்லவர் காலத்தில் வேலூரில் இறங்கிய துளி இப்போதுதான் வயலூரை எட்டும்.

அப்படியானால் மேலே வெள்ளம் வந்ததும் கரையோரக் கிணற்றில் சட்டென்று மட்டம் ஏறுகிறதே? அழுத்தம் நீரைவிட வேகமாகப் பயணிக்கும். கிணற்றுக்குள் வருவது பக்கத்தில் ஏற்கெனவே இருந்த பழைய நீர்.

சரிவு எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். முன்பு கரையோர நிலத்தடி மட்டம் ஆற்றைவிட உயரமாக இருந்தது, கோடையிலும் நிலம் ஆற்றுக்குள் கசிந்தது. ஊற்றுக்கால் என்னும் ஊற்றுநீர் வாய்க்கால் வெட்டி, மோட்டார் இல்லாமலே அந்த நீரை வயலுக்குக் கொண்டுபோனார்கள். போர்வெல்கள் மட்டத்தை ஆழத்துக்கு இழுத்த பிறகு சரிவு திரும்பிவிட்டது. இப்போது ஆறுதான் நிலத்துக்குள் வடிகிறது. மாணவி கேட்ட "கொஞ்ச மாசம்" இப்படித்தான் சுருங்கியது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளின் உப்பும் குரோமியமும் இதே மணலில்தான் இறங்கின. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் வேலூர் வழக்கில் சொன்னது. நீரே சாண் கணக்கில் நகரும் இடத்தில் உப்பு மட்டும் ஓடிவிடுமா?

உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவருக்கு ஆற்றோரத்தில் தோல்வியே கிடையாது. அங்கே எங்கே தோண்டினாலும் நீர் வரும், பாறை நிலத்தில்தான் அவர் சாயம் வெளுக்கும். அவருக்குக் கொடுக்கும் பணத்தில் ஊர்க் கிணற்றுக்கு ஒரு அளவுநாடா வாங்கலாம். மாதம் ஒருமுறை மட்டம் அளந்து பள்ளிச் சுவரில் எழுதி வைத்தால், எந்த ஊரில் ஆறு நிலத்துக்குக் கொடுக்கிறது, எங்கே நிலம் ஆற்றுக்குக் கொடுக்கிறது என்பதை நாமே வரைபடமாகப் போட்டுவிடலாம்.