வாட்ச் கம்பெனி கைமாறினால் உங்கள் வாட்ச் என்னவாகும்?

போன மாதம் ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர், ஜாலஹள்ளி பி.இ.எல்.லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கைக்குட்டையைப் பிரித்து ஒரு ஃபேவர் லூபா சீ கிங்கை மேஜையில் வைத்தார். அவருடைய அப்பாவுக்குக் கல்யாணத்தில் மாமனார் வீட்டில் போட்ட வாட்ச். சாவி கொடுத்தால் ஓடுகிறது. நேரம் மாற்றலாம் என்று சாவியை இழுத்தால் தண்டோடு கையில் வந்துவிடுகிறது. திறந்து பார்த்தேன். சாவியின் தண்டைப் பிடித்து நிறுத்தும் செட்டிங் லீவர் தேய்ந்து போயிருந்தது. அரை அரிசி அளவுகூட இருக்காது அந்தப் பாகம்.

"பார்ட் கிடைக்கிறது கஷ்டம் சார்" என்றேன்.

"என்ன தம்பி இப்படிச் சொல்றீங்க? இந்தக் கம்பெனியை நம்ம டைட்டன்தானே வாங்கினாங்க? ஓசூர் பக்கத்துலதானே இருக்கு. ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

அல்சூரில் இந்த மேஜைக்கு முன்னால் உட்கார ஆரம்பித்து இருபத்தாறு வருடம் ஆகிறது. இந்தக் கேள்வி அடிக்கடி வரும், கம்பெனியின் பெயர் மட்டும் மாறும். நாலு லட்சம், ஆறு லட்சம் கொடுத்து சுவிஸ் வாட்ச் வாங்குகிற ஐ.டி. பிள்ளைகளும் இதையேதான் நம்புகிறார்கள்: சின்னக் கம்பெனியைப் பெரிய கம்பெனி வாங்கிவிட்டது, இனி கவலை இல்லை. நானும் ஒரு காலத்தில் வாடிக்கையாளர்களிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்னது தப்பு என்று பட்டுத்தான் தெரிந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்த ஃபேவர் லூபா. 1737-ல் சுவிட்சர்லாந்தின் லெ லாக்ல் என்ற ஊரில் வேர் விட்ட கம்பெனி. எட்டுத் தலைமுறை ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. 1860-களிலேயே பம்பாய்க்கு வந்துவிட்டார்கள். அதனால்தான் நம் தாத்தாக்களின் மணிக்கட்டில் இந்தப் பெயரை இவ்வளவு பார்க்கிறோம். 1962-ல் மலையேறுகிறவர்களுக்காக உயரம் காட்டும் பிவோவாக் என்ற கைக்கடிகாரம் செய்தார்கள். 1968-ல் கடலுக்குள் இறங்குகிறவர்களுக்காக ஆழம் காட்டும் ஒன்று. அதன் பெயர் பேத்தி! எட்டுத் தலைமுறைக் கம்பெனிக்குப் பொருத்தமான பெயர்தான்.

அப்புறம் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் வந்தது. 1970 வாக்கில் சுவிஸ் வாட்ச் தொழிலில் சுமார் 90,000 பேர் இருந்தார்கள். பதினைந்தே வருடத்தில் அது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஃபேவர் லூபா குடும்பமும் கம்பெனியை விட்டுவிட்டது. பெயர் மட்டும் கைமாறிக் கைமாறி 2011-ல் டைட்டனிடம் வந்தது. பெரியவருக்கு அதுவரைக்கும் தெரியும். 2023-ல் டைட்டன் அதை வாட்ச் கடைகள் நடத்தும் ஈத்தோஸ் குழுமத்துக்கு விற்றுவிட்டது என்பது தெரியாது. 2024-ல் ஜெனீவாவில் புது மாடல்களோடு மறுபடி அறிமுகம் செய்தார்கள். பார்க்க நன்றாகவே இருக்கின்றன. ஆனால் உள்ளே ஓடுவது லா ஜூ பெரே என்ற கம்பெனியின் மிஷின். அது 2012 முதல் ஜப்பானின் சிட்டிசனுக்குச் சொந்தம். 1961-ல் நம் எச்.எம்.டி.க்கு வாட்ச் செய்யக் கற்றுக்கொடுத்த அதே சிட்டிசன். என் அப்பா எச்.எம்.டி. அசெம்பிளியில் இருந்தவர். இதைக் கேட்டிருந்தால் ஒரு வாய் காபியைச் சிந்தியிருப்பார்.

ஆக, பெரியவரின் சீ கிங்குக்கும் இன்றைய ஃபேவர் லூபாவுக்கும் டயலில் உள்ள எழுத்தைத் தவிர உறவு இல்லை. டைட்டன் வாங்கியது பெயரை. அந்தப் பெயரைச் செய்த பட்டறை எப்போதோ நின்றுபோயிருந்தது.

இதற்கு நேர்மாறும் நடக்கும். சுவிட்சர்லாந்தின் வில்லரே என்ற ஊரில் 1858 முதல் இருந்த மினர்வா என்ற வாட்ச் பட்டறையை ரிஷ்மாண்ட் குழுமம் 2006-ல் வாங்கி, பேனாவுக்குப் பெயர்போன மான்ட்பிளாங்கோடு சேர்த்தது. அங்கே பட்டறை பிழைத்தது, டயலில் மான்ட்பிளாங்க் ஏறியது. எனக்கு இது மேல் என்று தோன்றுகிறது. பழைய மாதிரியே கையால் மெருகேற்றிய பாலங்களை, அதாவது சக்கரங்களைத் தாங்கும் தகடுகளை, அந்த மிஷினில் இன்றும் பார்க்கலாம்.

பெயருக்கு என்ன மதிப்பு என்று கேட்டால் பிளாங்பான் என்ற சுவிஸ் வாட்ச் கம்பெனியைக் காட்டுவேன். 1980-களின் தொடக்கத்தில் அது வெறும் பெயராகத்தான் கிடந்தது. ஜான் கிளாட் பீவரும் ஜாக் பிகேயும் சேர்ந்து 22,000 ஃபிராங்க்குக்கு வாங்கினார்கள். குவார்ட்ஸ் வாட்ச் செய்ததும் இல்லை, செய்யப்போவதும் இல்லை என்று விளம்பரம் செய்தார்கள். 1992-ல், பின்னாளில் ஸ்வாட்ச் குழுமம் என்று பெயர் மாறிய கம்பெனிக்கு அதை விற்றபோது விலை 6 கோடி ஃபிராங்க்.

பெயரை விற்றவர்கள் பாடும் சொல்ல வேண்டும். ராயல் ஓக், நாட்டிலஸ் என்ற புகழ்பெற்ற வாட்ச் மாடல்கள் இரண்டையும் வரைந்த ஜெரால்ட் ஜென்டாவின் பெயரிலேயே ஒரு கம்பெனி இருந்தது. டேனியல் ராத் என்ற வாட்ச் கலைஞர் பெயரிலும் ஒன்று. இரண்டும் சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்றின் கைக்குப் போய், 2000-ல் புல்காரியிடம் சேர்ந்தன. 2011-ல் புல்காரியையே எல்.வி.எம்.எச். என்ற பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் குழுமம் விழுங்கியது. இடையில் ஜென்டா ஜெரால்ட் சார்ல்ஸ் என்றும், ராத் ஜான் டேனியல் நிக்கோலா என்றும் வேறு பெயர் வைத்துக்கொண்டு தொழில் செய்தார்கள். அவரவர் பெயர் அவரவர்க்கு இல்லை! என் கடை போர்டில் அப்பா பெயர் இருக்கிறது. கடையை விற்றால்கூட போர்டைக் கழற்றிக்கொண்டுதான் போவேன்.

பெரிய கம்பெனி வாங்கினாலே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. 1999-ல் ஸ்வாட்ச் குழுமத்தின் நிக்கோலஸ் ஹாயெக் பிரெகே என்ற பழைய வாட்ச் கம்பெனியை வாங்கியிராவிட்டால் அந்தப் பெயர் இவ்வளவு உயரத்துக்கு வந்திருக்குமா, சந்தேகம்தான். ஆனால் முதலாளி தூரத்தில் இருந்துகொண்டு கணக்கை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெனித் என்ற சுவிஸ் வாட்ச் கம்பெனி சாட்சி. 1970-களின் தொடக்கத்தில் அதை வாங்கியது அமெரிக்காவின் ஜெனித் ரேடியோ கம்பெனி. பெயர்ப் பொருத்தம் மட்டும் பார்த்துச் செய்த கல்யாணம் மாதிரி. 1975-ல், இனி குவார்ட்ஸ்தான், சாவி கொடுக்கிற மிஷினுக்கான அச்சுகளை எல்லாம் தூக்கிப் போடுங்கள் என்று உத்தரவு. சார்ல்ஸ் வெர்மோ என்ற தொழிலாளி கேட்கவில்லை. எல் பிரிமேரோ மிஷினுக்கான அச்சுகள், கருவிகள் எல்லாவற்றையும் சீட்டு எழுதி ஒட்டி, பரண் மேல் ஒளித்து வைத்தார். 1980-களில் அவற்றை இறக்கித்தான் அந்த மிஷினை மறுபடி செய்தார்கள். 1988 முதல் 2000 வரை ரோலெக்ஸ் டேடோனாவுக்குள் ஓடியது அதன் வழி வந்த மிஷின்தான். 1999-ல் எல்.வி.எம்.எச். ஜெனித்தை வாங்கியபோது, அந்தப் பரணுக்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்தது என்பேன்.

எல்லாக் கம்பெனியிலும் ஒரு வெர்மோ இருப்பதில்லை. என் தப்பு இங்கேதான் வருகிறது.

ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் ஒரு மதுரைக்காரத் தம்பி, பல வருடத்துக்கு முன்னால், ஒரு சின்ன சுவிஸ் கம்பெனியின் குரோனோகிராப் (ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள வாட்ச்) வாங்கலாமா என்று கேட்டார். சொந்த மிஷின் செய்கிற கம்பெனி. அப்போதுதான் ஒரு பெரிய குழுமம் அதை வாங்கியிருந்தது. "தைரியமா வாங்குங்க, பின்னாடி பெரிய கை இருக்கு" என்றேன். எட்டு வருடம் கழித்து குரோனோகிராப் முள் நடுவழியில் நின்றது. சர்வீசுக்கு அனுப்பினார். ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது: அந்த மிஷினைக் குழுமம் நிறுத்திவிட்டது, பாகம் கையிருப்பில் இல்லை, வேண்டுமானால் இதைக் கொடுத்துவிட்டுத் தள்ளுபடியில் புது மாடல் எடுத்துக்கொள்ளலாம். முதல் சம்பள உயர்வில் வாங்கிய வாட்ச். "நீங்கதானே அண்ணா சொன்னீங்க" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஏன் இப்படி ஆகிறது? குழுமத்தில் எட்டு பிராண்ட் இருந்தால் எட்டு விதமான மிஷின் செய்வது அவர்களுக்குக் கட்டாது. ஒரே தொழிற்சாலையில் செய்து எல்லாவற்றிலும் போடுவார்கள். லாஞ்சின்ஸ் ஒரு காலத்தில் அருமையான சொந்த மிஷின்கள் செய்த கம்பெனி. இப்போது அது ஸ்வாட்ச் குழுமத்தில் இருக்கிறது, அதற்குள் இருப்பது அதே குழுமத்தின் ஈ.டி.ஏ. தொழிற்சாலை மிஷின். லெமானியா மிஷின் தொழிற்சாலை 1999-ல் பிரெகேயோடு சேர்ந்து ஸ்வாட்ச் குழுமத்துக்கு வந்தது. ஜின், டூட்டிமா போன்ற வெளி வாட்ச் கம்பெனிகள் நம்பியிருந்த லெமானியா 5100 என்ற மிஷின் கொஞ்ச காலத்தில் நின்றது. குழுமத்தின் கணக்குக்கு அது சரி. கையில் கட்டியிருக்கிறவர் கணக்கு வேறு.

பாகம் இருந்தாலும் என் மாதிரி ஆட்கள் கைக்கு வராது என்பது இன்னொரு சங்கடம். 2015 முடிவோடு ஸ்வாட்ச் குழுமம் வெளி மொத்த வியாபாரிகளுக்குப் பாகங்கள் தருவதை நிறுத்திக்கொண்டது. பெரிய பிராண்டுகள் பாகம் தர மறுக்கின்றன என்று ஐரோப்பிய ரிப்பேர்காரர்களின் சங்கம் வழக்குக்குப் போனது. 2017-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. சிவாஜிநகரிலும் அவென்யூ ரோட்டிலும் பார்ட்ஸ் விற்கிறவர்களைக் கேட்டால் இதை அவர்கள் பாஷையில் விளக்குவார்கள், அச்சில் போட முடியாது.

விற்ற கம்பெனி மறுபடி விலைக்கு வரும் என்பதையும் மறக்காதீர்கள். எல்.வி.எம்.எச். 1999-ல் வாங்கிய எபெல் வாட்ச் கம்பெனியை ஐந்து வருடத்துக்குள் மொவாடோ குழுமத்திடம் தள்ளிவிட்டது. ஜிரார் பெரிகோ வாட்ச் கம்பெனியை நடத்திய லூயிஜி மக்கலூசோ 2010-ல் இறந்தார், அடுத்த வருடமே பெரும்பான்மைப் பங்கு கெரிங் என்ற பிரெஞ்சுக் குழுமத்தின் கைக்குப் போனது. யூலிஸ் நார்டான் வாட்ச் கம்பெனியைத் தூக்கி நிறுத்திய ரோல்ஃப் ஷ்னைடர் 2011-ல் இறந்தார், 2014-ல் அதுவும் கெரிங்குக்கு. 2022-ல் கெரிங் இரண்டையுமே அதன் நிர்வாகிகளிடம் விற்றுவிட்டு வெளியே வந்தது. அதனால் சின்னக் கம்பெனி வாட்ச் வாங்க வருகிறவர்களிடம் நான் கேட்பது, முதலாளிக்கு வயது என்ன, அவருக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைத்தான். பெண் கொடுக்கப் போகிற வீட்டில் விசாரிக்கிற மாதிரி இருக்கிறதே என்று சிரிப்பார்கள். ஃபேஷன் கம்பெனியான ஷனேல், சின்ன வாட்ச் கம்பெனிகளான எஃப்.பி. ஜூர்னில் 2018-ல் 20 சதவீதமும், எம்.பி. அண்ட் எஃப்.-ல் 2024-ல் 25 சதவீதமும் வாங்கியது. அங்கே விற்றவர்களும் இந்தக் கேள்வியை யோசித்திருப்பார்கள்.

கடையில் "இன்ஹவுஸ் மிஷின் சார்", அதாவது கம்பெனியே சொந்தமாகச் செய்த மிஷின், என்று பெருமையாகச் சொல்லி ஒரு லட்சம் கூடக் கேட்பார்கள். ரிப்பேர்காரன் காதுக்கு அது வேறு மாதிரி விழும்: இந்தக் கம்பெனி போனால் இந்த மிஷினும் போச்சு. ஈ.டி.ஏ. 2824, செலிட்டா எஸ்.டபிள்யூ. 200, குரோனோகிராப் என்றால் வால்ஜூ 7750, இவை உள்ளே இருந்தால் டயலில் யார் பெயர் இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. உலகம் முழுக்க லட்சக்கணக்கில் ஓடுகின்றன, எங்கிருந்தாவது பாகம் வரும். இன்ஹவுஸ்தான் வேண்டும் என்று ஆசையா, சரி, வாங்குங்கள். ஆனால் மிஷினின் நம்பரை பில்லில் எழுதி வாங்குங்கள். சர்வீஸ் பெங்களூரிலேயே நடக்குமா, மும்பைக்குப் போகுமா, சுவிட்சர்லாந்து வரை போகுமா என்று கேளுங்கள். எத்தனை வருடத்துக்குப் பாகம் வைத்திருப்பார்கள் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை பத்திரமாக வையுங்கள். வாய் வார்த்தையாகச் சொன்ன விற்பனையாளர் அடுத்த தீபாவளிக்கு வேறு ஷோரூமில் இருப்பார்.

பெரியவரின் சீ கிங்குக்கு மூன்று வாரம் தேடினேன். கடைசியில் மும்பையிலிருந்து இன்னொரு சீ கிங் வந்தது. நம் தொழிலில் பம்பாய் டயல் என்போம். பழைய டயலைச் சுரண்டி, கிளிப்பச்சையோ மயில்நீலமோ பெயின்ட் அடித்து, பெயரைத் திரும்ப அச்சடித்திருப்பார்கள். இணையத்தில் பளபளவென்று விற்கும் பாதி ஃபேவர் லூபா இந்த ரகம், ஏமாந்துவிடாதீர்கள். இது மயில்நீலம். ஆனால் உள்ளே மிஷின் சுத்தமாக இருந்தது. செட்டிங் லீவரைக் கழற்றிப் பெரியவர் வாட்சில் போட்டேன்.

வந்து வாங்கிக்கொண்டார். சாவியை இழுத்துப் பார்த்தார், தண்டு நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் வைத்துவிட்டு, "அடுத்து ஏதாவது போனா என்ன தம்பி பண்றது?" என்றார்.

இழுப்பறையைத் திறந்து காட்டினேன். மயில்நீல வாட்சின் மிச்சம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கிடந்தது, மூடியில் அவர் பெயரும் போன் நம்பரும்.