உயர் நீதிமன்ற நீதிபதி நியமனம்: கோப்பு எங்கே போகிறது, எங்கே நிற்கிறது?

உயர் நீதிமன்ற நீதிபதி ஆவதற்கு எழுத்துத் தேர்வு கிடையாது, விண்ணப்பப் படிவமும் கிடையாது. தமிழ்நாட்டில் சிவில் நீதிபதி ஆக வேண்டுமென்றால் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுத வேண்டும். நேரடி மாவட்ட நீதிபதிக்கு உயர் நீதிமன்றமே தேர்வு நடத்துகிறது. அவர்களுக்கெல்லாம் மேலே உட்காரும் நீதிபதிக்கோ தேர்வும் இல்லை, முறையான முன்பயிற்சியும் இல்லை. வழக்கு நடத்த வரும் கட்சிக்காரர்களிடமும் சட்டக் கல்லூரி மாணவர்களிடமும் இதைச் சொன்னால் உடனே நம்ப மாட்டார்கள். 'அப்படியானால் யார்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்?' என்று கேட்பார்கள். அதற்கான விடையை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

அரசமைப்புச் சட்டம் கேட்கும் தகுதி மிகக் குறைவு. 217ஆம் கூறின்படி இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 10 ஆண்டுகள் நீதித்துறைப் பதவி வகித்திருக்க வேண்டும், அல்லது 10 ஆண்டுகள் உயர் நீதிமன்ற வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். 62 வயதில் ஓய்வு. குறைந்தபட்ச வயது எதுவும் சொல்லப்படவில்லை. ஆனால் நடைமுறையில் பாரிலிருந்து, அதாவது வழக்கறிஞர் தொழிலிலிருந்து, வருபவர்களுக்கு 45 முதல் 55 வயது வரை என்றும், மாவட்ட நீதிபதிகளாக இருந்து வருபவர்களுக்கு காலியிடம் ஏற்படும் நாளில் 58½ வயதைத் தாண்டக் கூடாது என்றும் ஒரு வரையறை வைத்திருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு இடம் வழக்கறிஞர்களுக்கு, ஒரு பங்கு நீதித்துறைப் பணியில் இருப்பவர்களுக்கு என்பது நெடுநாள் வழக்கம்.

நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் மூத்த நீதிபதிகளின் குழுவைக் கொலீஜியம் என்கிறார்கள். அந்தச் சொல் அரசமைப்புச் சட்டத்தில் எங்குமே இல்லை. 1981 எஸ்.பி. குப்தா வழக்கில் கடைசி வார்த்தை அரசுக்கே என்றது உச்ச நீதிமன்றம். 1993இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதைத் தலைகீழாக மாற்றியது. 1998இல் குடியரசுத் தலைவர் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது, யார் யார் சேர்ந்து முடிவெடுப்பது என்ற எண்ணிக்கை தெளிவானது. நாடாளுமன்றம் கொண்டுவந்த தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை 2015 அக்டோபர் 16 அன்று 4:1 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆகவே இன்றைக்கும் 1993, 1998 தீர்ப்புகளும், அவற்றை ஒட்டி எழுதப்பட்ட 'நடைமுறைக் குறிப்பாணை'யும்தான் நடப்பில் உள்ளன. வழக்கறிஞர்கள் அதை எம்.ஓ.பி. என்பார்கள்.

பட்டியல் பிறக்கும் இடம்

எல்லாம் தொடங்குவது உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் அறையில். அவரும் அடுத்த இரண்டு மூத்த நீதிபதிகளும்தான் உயர் நீதிமன்ற கொலீஜியம். காலியிடம் வருவதற்கு ஆறு மாதம் முன்பே பெயர்களை அனுப்ப வேண்டும் என்கிறது குறிப்பாணை. யாரை அழைப்பது என்பதற்கு அறிவிப்பு வெளியாவதில்லை. வாதத்தைக் கேட்டுப் பழகிய நீதிபதிகள் பெயர் சொல்வார்கள், மூத்த வழக்கறிஞர்களிடம் விசாரிப்பார்கள். அழைக்கப்பட்டவர் சம்மதக் கடிதம் தர வேண்டும். அதனுடன் பிறந்த தேதிக்கான சான்று, உடல்தகுதி குறித்து அரசு மருத்துவர் தரும் சான்று, கடந்த ஐந்து ஆண்டுத் தொழில் வருமானம், அவர் நடத்திய வழக்குகளில் சட்ட இதழ்களில் வெளியான தீர்ப்புகளின் விவரம் எல்லாம் போகும்.

வருமானமும் வெளியான தீர்ப்புகளும் தொழில் நன்றாக நடக்கிறதா என்பதைக் காட்டும், சரி. ஆனால் கட்டணம் வாங்காமல் தொழிலாளர் வழக்கும் குடும்ப வழக்கும் நடத்துபவர் இந்த அளவுகோலில் பின்தங்கிவிடுவார். விசாரணை நீதிமன்றத்தில் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தே பேர் வாங்கியவர் மதுரையிலும் கோவையிலும் எத்தனையோ பேர். அவர்களுடைய திறமை சட்ட இதழ்களில் ஏறாது. பட்டியலில் உயர் நீதிமன்றக் கட்டடத்துக்குள் கண்ணில் படுபவர்களே அதிகம் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சாதி, பாலினச் சமநிலையின்மையின் வேரும் பெருமளவு இங்கேதான் இருக்கிறது. 1862இல் தொடங்கிய சென்னை உயர் நீதிமன்றத்துக்கு பட்டியல் சாதியிலிருந்து முதல் நீதிபதியாக ஏ. வரதராஜன் வந்தது 1973இல்தான். பின்னர் 1980இல் உச்ச நீதிமன்றத்துக்கும் அப்படி முதல் ஆளாகச் சென்றவர் அவரே.

இதில் இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாது. உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி வெளிமாநிலத்தவராக இருக்க வேண்டும் என்பது 1980களிலிருந்து கொள்கை. உள்ளூர் உறவுகளும் செல்வாக்கும் குறுக்கிடாது என்பது அதன் நோக்கம், அதில் நியாயம் உண்டு. ஆனால் அப்படி வருபவர் எவ்வளவு நாள் இருக்கிறார்? சஞ்ஜிப் பானர்ஜி 2021 ஜனவரியில் சென்னைக்கு வந்தார், நவம்பரில் மேகாலயாவுக்கு மாற்றப்பட்டார். எஸ்.வி. கங்காபுர்வாலா 2023 மே மாதக் கடைசியில் பதவியேற்று, ஓராண்டு நிறைவதற்குள் ஓய்வு பெற்றார். கே.ஆர். ஸ்ரீராம் 2024 செப்டம்பரில் வந்து 2025 ஜூலையில் ராஜஸ்தானுக்குப் போனார். தமிழும் தெரியாமல், இங்குள்ள பாரையும் அறியாமல் வரும் ஒருவர், பத்து மாதத்துக்குள் யார் தகுதியானவர் என்று எப்படி எடைபோடுவார்? அருகில் இருக்கும் இரு மூத்தவர்கள் சொல்வதையே நம்ப வேண்டியிருக்கும். மூவர் சேர்ந்து எடுக்கும் முடிவு என்பது காகிதத்தில்தான். உள்ளடக்கத்தில் பெரும்பாலும் இருவருடைய முடிவு.

கோப்பின் பயணம்

பட்டியல் தயாரானதும் முதலமைச்சர், ஆளுநர், மத்திய சட்ட அமைச்சர், இந்தியத் தலைமை நீதிபதி ஆகிய நால்வருக்கும் போகிறது. மாநிலம் ஆறு வாரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொண்டு மத்திய அரசு மேலே நகரலாம். இடையில் ஐ.பி. எனப்படும் உளவுப் பிரிவு விசாரிக்கும். அந்த ரிப்போர்ட்டும் சேர்ந்து கோப்பு உச்ச நீதிமன்றம் போகும். அங்கே தலைமை நீதிபதியும் அடுத்த இரு மூத்தவர்களும் பார்ப்பார்கள். அந்த உயர் நீதிமன்றத்தை அறிந்த உச்ச நீதிமன்ற நீதிபதிகளிடமும் கருத்துக் கேட்பார்கள். இதற்கு நான்கு வாரம். பிறகு சட்ட அமைச்சர் மூன்று வாரத்தில் பிரதமருக்கு அனுப்ப, குடியரசுத் தலைவர் கையெழுத்திடுவார், அரசிதழ் அறிவிப்பு வரும்.

இந்தக் கெடுக்களைக் கூட்டிப் பார்த்தால் 13 வாரம்தான். ஐ.பி. விசாரணையைச் சேர்த்தாலும் ஆறேழு மாதத்தில் முடிய வேண்டிய வேலை. முடிவதில்லை. ஐ.பி. ரிப்போர்ட்டுக்கும், அது வந்தபின் மத்திய அரசு கோப்பை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்புவதற்கும் குறிப்பாணையில் கெடு எதுவும் கிடையாது. கோப்பு நிற்பதும் அந்த இடத்தில்தான். 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே இதற்குக் காலவரை சொன்னது: ஐ.பி. ரிப்போர்ட்டுக்கு 4 முதல் 6 வாரம். மாநிலக் கருத்தும் ரிப்போர்ட்டும் கிடைத்தபின் 8 முதல் 12 வாரத்தில் கோப்பு வர வேண்டும். அரசு திருப்பி அனுப்பிய பெயரைக் கொலீஜியம் ஒருமனதாக மறுபடியும் வலியுறுத்தினால் 3 முதல் 4 வாரத்தில் நியமித்தாக வேண்டும். கெடு தாண்டினால் என்ன விளைவு என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அதனால் கெடு தாண்டுவது தொடர்கிறது. நாட்டின் 25 உயர் நீதிமன்றங்களுக்கும் சேர்த்து அனுமதிக்கப்பட்ட இடங்கள் 1,122. 2025 தொடக்கத்தில் அவற்றில் 300க்கு மேல் காலி. சென்னைக்கான அனுமதி 75.

தாமதத்தைவிடக் கவலை தருவது, ஒரே பட்டியலில் சிலரை மட்டும் நியமித்து மற்றவர்களை நிறுத்திவைப்பது. சென்னை வழக்கறிஞர் ஒருவரின் பெயரை உச்ச நீதிமன்ற கொலீஜியம் பரிந்துரைத்தது. அவர் சமூக வலைத்தளத்தில் பிரதமரை விமர்சிக்கும் கட்டுரையைப் பகிர்ந்தார் என்றது ஐ.பி. ரிப்போர்ட். அது அவருடைய தகுதியைப் பாதிக்காது என்று 2023 ஜனவரி 17 அன்று கொலீஜியம் அதே பெயரை மீண்டும் வலியுறுத்தியது. பின்னால் பரிந்துரைக்கப்பட்டவர்கள் நியமனம் பெற, அவர் காத்திருந்தார். மார்ச் 21 தீர்மானத்தில் கொலீஜியமே இதைக் கவலையோடு பதிவு செய்தது. உயர் நீதிமன்றத்தில் சீனியாரிட்டி பதவியேற்கும் நாளிலிருந்து கணக்கு. நிர்வாகக் குழுக்களில் இடம், கொலீஜியத்தில் இடம், தலைமை நீதிபதியாகும் வாய்ப்பு எல்லாம் அதைப் பொறுத்தவை. ஒரு கோப்பை ஓராண்டு மேசையில் வைத்திருந்தால் பத்தாண்டு கழித்து யார் தலைமை நீதிபதி ஆவார் என்பதையே மாற்றிவிடலாம்.

காத்திருப்பவரின் தொழிலும் அடிபடுகிறது. 'சார் ஜட்ஜ் ஆகப்போகிறார், நம்ம கேஸை யார் நடத்துவது?' என்று கட்சிக்காரர்கள் வழக்குக் கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நல்ல வழக்கறிஞர்கள் சம்மதம் தரத் தயங்குவதற்குச் சம்பளம் மட்டும் காரணம் இல்லை. உயர் நீதிமன்ற நீதிபதியின் மாதச் சம்பளம் 2,25,000 ரூபாய். முன்னணி வழக்கறிஞருக்கு அது குறைவு என்பது உண்மைதான். ஓய்வுக்குப் பிறகு அதே உயர் நீதிமன்றத்திலும் அதற்குக் கீழுள்ள நீதிமன்றங்களிலும் வழக்காட முடியாது என்கிறது 220ஆம் கூறு. இவ்வளவையும் ஏற்றுக்கொண்டு ஒருவர் சம்மதம் தந்தபின், பதிலே சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைப்பது அநியாயம். பொறுத்துப் பார்த்துவிட்டுச் சம்மதத்தைத் திரும்பப் பெற்றவர்கள் பல மாநிலங்களில் உண்டு.

உச்ச நீதிமன்ற நியமனம் இதைவிடக் குறுகிய பாதை. தலைமை நீதிபதியும் நான்கு மூத்தவர்களும் முடிவெடுப்பார்கள். 2019 முதல் மொத்த இடம் 34, ஓய்வு வயது 65. பெரும்பாலும் உயர் நீதிமன்ற நீதிபதிகளே போகிறார்கள். பொள்ளாச்சியைச் சேர்ந்த கே.வி. விசுவநாதன் 2023 மே மாதம் நேராகப் பாரிலிருந்து சென்றார், அது அபூர்வம்.

பதவியேற்ற மறுநாள்

புதிதாக வருபவர் பெரும்பாலும் 'கூடுதல் நீதிபதி'யாகவே நுழைகிறார், அதிகபட்சம் இரண்டு ஆண்டுக்கு. பயிற்சி என்ற பெயரில் நடப்பது, முதலில் ஒரு மூத்த நீதிபதியோடு, இருவர் சேர்ந்து விசாரிக்கும் டிவிஷன் பெஞ்சில் உட்கார வைப்பது. அது நல்ல ஏற்பாடுதான். திறந்த நீதிமன்றத்தில் ஸ்டெனோவுக்கு உத்தரவு சொல்வது எப்படி, இடைக்கால உத்தரவை எவ்வளவு சுருக்கமாக முடிப்பது, எந்த வழக்கைத் தள்ளி வைக்கக் கூடாது என்பதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் கற்க முடியும். போபாலில் உள்ள தேசிய நீதித்துறை அகாடமி புதிய நீதிபதிகளுக்கு சில நாள் கருத்தரங்கு நடத்துகிறது. சென்னையில் உள்ள தமிழ்நாடு மாநில நீதித்துறை அகாடமியின் முக்கிய வேலை கீழமை நீதிபதிகளுக்குப் பயிற்சி தருவது.

பிறகு தனி நீதிபதியாக உட்காருவார். எந்த வகை வழக்கு யாருக்கு என்று பிரித்துத் தரும் ரோஸ்டர் தலைமை நீதிபதியின் கையில். இருபத்தைந்து ஆண்டு கிரிமினல் மட்டுமே பார்த்தவருக்கு நில ஆர்ஜித மேல்முறையீடுகள் வரும். வரி வழக்கறிஞராக இருந்தவருக்கு ஜாமீன் மனுக்கள் வரும். அவற்றைப் படித்துத் தேறுவதற்குள் ரோஸ்டர் மாறிவிடும். இதன் விளைவைக் கட்சிக்காரர் இரண்டு வகையில் உணர்வார். ஒன்று, தீர்ப்புக்காக ஒத்திவைத்த வழக்கில் மாதக்கணக்கில் தீர்ப்பு வராது. 2001 அனில் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி சொல்லியிருக்கிறது: மூன்று மாதத்தில் தீர்ப்பு வராவிட்டால் விரைவாக வழங்கக் கோரி மனு போடலாம், ஆறு மாதம் தாண்டினால் வேறு நீதிபதிக்கு மாற்றும்படி தலைமை நீதிபதியிடம் கேட்கலாம். நீதிபதி கோபித்துக்கொள்வாரோ என்று பயந்து பலர் இதைப் பயன்படுத்துவதில்லை. பயப்படத் தேவையில்லை, இது உங்கள் உரிமை.

இரண்டாவது விளைவு இன்னும் கடுமையானது. 2020 ஜூலையில், பாலியல் அத்துமீறல் வழக்கில் சிக்கியவருக்கு, பாதிக்கப்பட்ட பெண்ணின் வீட்டுக்குப் போய் ராக்கி கட்டச் சொல்லிக் கேட்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஜாமீன் தந்தது மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம். 2021 மார்ச்சில் அந்த நிபந்தனையை நீக்கிய உச்ச நீதிமன்றம், நீதிபதிகளுக்குப் பாலின உணர்வுப் பயிற்சி வேண்டும் என்றது. 2021 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு, தோலோடு தோல் படாவிட்டால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்கீழ் பாலியல் தாக்குதல் ஆகாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் அதுவும் ரத்தானது. அந்தக் கூடுதல் நீதிபதியை நிரந்தரமாக்கும் பரிந்துரையைக் கொலீஜியம் திரும்பப் பெற்றுக்கொண்டது. கூடுதல் நீதிபதியின் தீர்ப்புகளைப் படித்து மதிப்பிட்ட பிறகே நிரந்தரமாக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருப்பது இதற்காகத்தான். ஆனால் குழந்தையின் வழக்கில் பிழை நடந்து முடிந்தபின் வரும் மதிப்பீடு அது. பதவியேற்கும் முன் ஒரு மாதமாவது கட்டாயப் பயிற்சி வைப்பதற்கு அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. உயர் நீதிமன்றங்கள் மனம் வைத்தால் போதும்.

ஆட்சேபம் இருந்தால்

ஒரு பெயர் பற்றி உங்களிடம் ஆதாரத்தோடு ஆட்சேபம் இருந்தால், அதைச் சொல்வதற்கு நேரம் மிகக் குறைவு. நீதிமன்றம் 'தகுதி', 'பொருத்தம்' என்ற இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறது. 10 ஆண்டு போன்ற சட்டத் தகுதி இல்லாவிட்டால் நியமனத்தையே ரத்து செய்யும். 1992இல் கௌஹாத்தி உயர் நீதிமன்றத்துக்கு, குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட பிறகும், பதவியேற்கும் முன் ஒருவருடைய நியமனம் அப்படி ரத்தானது. பொருத்தம் பற்றிய கேள்விக்குள் நீதிமன்றம் நுழையாது. 2023 பிப்ரவரி 7 அன்று எல். விக்டோரியா கௌரியின் நியமனத்தை எதிர்த்து சென்னை வழக்கறிஞர்கள், அவர் முன்பு பேசிய பேச்சுகளைக் காட்டித் தொடுத்த வழக்கு டெல்லியில் விசாரிக்கப்பட்ட அதே வேளையில், சென்னையில் அவர் பதவியேற்றார். இது பொருத்தம் பற்றிய விஷயம், கொலீஜியம் பார்த்து முடித்தது என்று மனு தள்ளுபடியானது.

ஆகவே கொலீஜியம் தீர்மானத்துக்கும் அரசிதழ் அறிவிப்புக்கும் இடைப்பட்ட காலமே உங்களுக்கு உள்ள அவகாசம். 2017 அக்டோபரிலிருந்து தீர்மானங்கள் உச்ச நீதிமன்ற இணையதளத்தில் வெளியாகின்றன. ஒரு நியமனத்தில் அந்த இடைவெளி இரண்டு வாரம், இன்னொன்றில் இரண்டு ஆண்டு. உயர் நீதிமன்ற அளவிலான பட்டியல் வெளியே வருவதில்லை, ஆர்.டி.ஐ. எனப்படும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டாலும் கொலீஜியத்தின் விவாதக் குறிப்புகள் கிடைக்காது; இறுதி முடிவு மட்டுமே வெளியிடத் தக்கது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அனுப்பும் மனுவில் வதந்தி, சாதிப் பேச்சு, 'எல்லோருக்கும் தெரியும்' போன்ற வரிகள் இருந்தால் அது குப்பைக்குப் போகும். தேதி, வழக்கு எண், சான்றிட்ட நகல், உங்கள் பெயர், முகவரி, கையெழுத்து இருக்க வேண்டும். ஒரு பிரதி இந்தியத் தலைமை நீதிபதிக்கு, ஒரு பிரதி உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு, ஒரு பிரதி டெல்லியில் உள்ள மத்திய சட்ட அமைச்சகத்தின் நீதித்துறைக்கு (Department of Justice). விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.