அந்த எட்டு மதிப்பெண் எங்கே போனது?

பிப்ரவரிக் கடைசியில் ஒரு மாணவி தன் கல்லூரி ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் அறிக்கையைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். மொத்தம் 417. கேட்டல் 119, வாசிப்பு 168, எழுத்தும் மொழிபெயர்ப்பும் சேர்த்து 130. படத்துக்குக் கீழே ஒரு வார்த்தை இல்லை. சீனாவில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு 425 என்ற எண் எவ்வளவு பெரியது என்று தெரிந்தவர்களுக்கு அந்த மௌனம் புரியும்.

நான் பினாங்குக்காரி, ஆங்கில ஆசிரியை. ஹூனான் மாகாணத்தில் ஒரு கல்லூரியில் நான்கு வருடம் பாடம் எடுத்தேன். ஊர் திரும்பிய பிறகும் அங்கிருக்கும் பிள்ளைகள் சிலருக்கு இணையவழியில் பயிற்சி கொடுக்கிறேன். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீனம் பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் தமிழ் ஆசிரியர்கள் நிறையப் பேர். அவர்களை நினைத்துத்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். இந்தப் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்களில் பாதி, தமிழ் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

முதலில் தேர்வைப் பற்றி. பெயர் காலேஜ் இங்கிலீஷ் டெஸ்ட், சுருக்கமாக சி.இ.டி. நான்காம் நிலை 1987-இல் தொடங்கியது. ஆறாம் நிலைக்குப் போக நான்காம் நிலையில் 425 வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கிறது. மொத்தம் 710 மதிப்பெண். 2005 சீர்திருத்தத்துக்குப் பிறகு தேர்ச்சிச் சான்றிதழ் கிடையாது, மதிப்பெண் அறிக்கை மட்டும்தான். சட்டப்படி தோல்வி என்று ஒன்று இல்லை. ஆனால் வேலை விளம்பரங்களில் '425க்கு மேல்' என்று போடுகிறார்கள், ஆகவே இருக்கிறது. சியான் ஜியாவ்தோங் பல்கலைக்கழகம் 2023-இல் இந்தத் தேர்வையும் பட்டத்தையும் இணைத்திருந்த முடிச்சை அவிழ்த்தபோது அது நாடு முழுக்கப் பேச்சானது. அதிலிருந்தே இதன் கனம் தெரியும்.

சரி, அந்தப் பெண்ணின் எட்டு மதிப்பெண்ணுக்கு வருவோம்.

அவள் சோம்பேறி இல்லை. நான்காம் நிலைக்குச் சுமார் 4,500 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது அங்கே பொதுக் கணக்கு. அதற்கென்று அகரவரிசைச் சொற்புத்தகங்கள் விற்கின்றன. முதல் பக்கத்தில் முதல் சொல் 'அபாண்டன்', அதாவது கைவிடு. முதல் சொல்லைப் படித்த கையோடு புத்தகத்தையே கைவிட்டுவிடுவோம் என்பது அங்கே எல்லாக் கல்லூரி விடுதியிலும் அடிபடும் பழைய ஜோக். இந்தப் பெண் கைவிடவில்லை. கடைசிப் பக்கம் வரை மூன்று முறை முடித்திருந்தாள். எந்தச் சொல்லைக் காட்டினாலும் சீன அர்த்தம் பட்டென்று வரும்.

ஒரு நாள் பழைய கேள்வித்தாளிலிருந்து ஒரு செய்தித் துணுக்கைப் போட்டு, கேட்டதை அப்படியே எழுதச் சொன்னேன். நடுவில் ஓர் இடத்தில் கோடு போட்டு விட்டிருந்தாள். 'புதுச் சொல், எனக்குத் தெரியாது' என்றாள். என்ன கேட்டது என்றேன். 'எனவர்' என்றாள். எழுத்து வடிவத்தைக் காட்டினேன். 'ஆன் அவர்'. ஒரு மணி நேரம். ஆரம்பப் பள்ளியில் படித்த சொல். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு 4,500 சொற்கள் தெரியும். கண்ணுக்குத் தெரியும். காதுக்கு அதில் பாதிகூட அறிமுகமில்லை. இதற்கு அவர்களே வைத்த பெயர் 'யாபா யிங்யூ', ஊமை ஆங்கிலம். என்னைக் கேட்டால் செவிட்டு ஆங்கிலம் என்பதுதான் பொருத்தம். வாய் திறக்காததால் இந்தத் தேர்வில் பெரிதாக எதுவும் போகாது, பேச்சுத் தேர்வு தனி. காது திறக்காவிட்டால் 35 சதவீதம் ஆட்டம் காண்கிறது.

இதற்கு ஒலியியல் காரணம் ஒன்று உண்டு. மாண்டரின் அசைகள் உயிரொலியில் முடியும், அல்லது ன், ங் போன்ற மூக்கொலியில் முடியும். ட், க், ஸ், ப் என்று முடியாது. நமக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஆனால் நாம் பின்னால் ஓர் உகரத்தை ஒட்டிக்கொண்டு 'பஸ்ஸு', 'கேட்டு' என்று சமாளித்துவிடுவோம். அவர்கள் அந்தக் கடைசி மெய்யை விழுங்கிவிடுவார்கள். வாய் விழுங்குவதைக் காதும் விழுங்கும். ஆங்கிலத்தில் இறந்தகாலமும் பன்மையும் உட்கார்ந்திருப்பது அந்தக் கடைசி மெய்யில்தான். சீன வினைச்சொல் காலத்துக்கேற்ப உருவம் மாறாது, பெயர்ச்சொல்லுக்குப் பன்மை விகுதி கட்டாயமில்லை. ஆக, இலக்கணமும் ஒலியும் சேர்ந்து ஒரே இடத்தில் கழுத்தைப் பிடிக்கின்றன. 'ட்' சேர்க்க மறந்துவிட்டாய் என்று ஆசிரியர்கள் திட்டிக்கொண்டே இருப்பார்கள். பிள்ளைக்கு அங்கே ஒரு 'ட்' இருந்ததே கேட்டிருக்காது.

எண்கள் இன்னொரு பள்ளம். சீனர்கள் பத்தாயிரத்தில் எண்ணுகிறவர்கள். பத்தாயிரம் ஒரு 'வான்', பத்துக்கோடி ஒரு 'யீ'. 'த்ரீ ஹண்ட்ரட் அண்ட் ஃபிஃப்டி தௌசண்ட்' என்று செய்தியில் வந்தால் மனம் அதை 35 வான் ஆக்கப் போய்விடும், அதற்குள் அடுத்த வாக்கியம் கடந்துவிடும். மூன்றரை லட்சம் என்று மாற்றிப் பழகியவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். மாற்றாதே, காற்புள்ளி போட்டு எண்ணாகவே எழுது என்கிறேன். இரண்டு வாரத்தில் கை பழகிவிடும்.

'நீ போகவில்லையா?' என்றால் நாம் 'ஆமாம், போகவில்லை' என்போம். சீனரும் அப்படித்தான். ஆங்கிலத்தில் அதற்குப் பதில் 'நோ'. உரையாடல் பகுதியில் இந்த ஒரு 'நோ'வுக்குத் தலைகீழாய் அர்த்தம் பண்ணிக்கொண்டவர்களை எண்ணி முடியாது.

மதிப்பெண் பங்கீட்டைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. 2016-க்குப் பிறகு கேட்டல் பகுதியில் 25 கேள்விகள். செய்திகளுக்கு ஏழு, உரையாடல்களுக்கு எட்டு, நீண்ட உரைப்பகுதிகளுக்குப் பத்து. முதல் பதினைந்தும் கேள்விக்கு ஒரு சதவீதம். கடைசிப் பத்தும் இரண்டு சதவீதம், அதாவது ஒவ்வொன்றும் ஏறத்தாழ 14 மதிப்பெண். செய்தியில் ஒரு சொல்லைத் தவறவிட்டுவிட்டு அதையே நினைத்துப் பதறிக்கொண்டிருக்கும் பிள்ளை, இரட்டை மதிப்புள்ள இடத்துக்குக் களைத்துப்போய் வந்து சேர்கிறது. வாசிப்பிலும் இதே கூத்து. பதினைந்து சொற்களிலிருந்து பத்தைத் தேர்ந்து கோடிட்ட இடம் நிரப்பும் பகுதி முதலில் வரும். பத்துக்கும் சேர்த்தே ஐந்து சதவீதம்தான். அதில் இருபது நிமிடம் போட்டுவிட்டு, இருபது சதவீதம் உள்ள கடைசி இரண்டு பத்திகளுக்குப் பத்து நிமிடத்தோடு வருவார்கள். மொத்த வாசிப்புக்கே நாற்பது நிமிடம்தான். பின்னாலிருந்து தொடங்கு என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

சொல்லுக்குச் சொல் ஜோடி போட்டுப் படிப்பதன் விளைவு வாசிப்பில் வேறு மாதிரி தெரியும். 'அட்ரஸ்' என்றால் முகவரி. அது அவள் புத்தகத்தில் இருக்கிறது. 'அட்ரஸ் தி ப்ராப்ளம்' என்று வந்தபோது பிரச்சினைக்கு ஏது முகவரி என்று அந்த வரியிலேயே நின்றுவிட்டாள். சிக்கலை எடுத்துத் தீர்க்க முற்படுவதற்கும் அதே சொல்தான் என்பது அந்த ஜோடியில் இல்லை. நம் உரைகாரர்கள் பதவுரை, பொழிப்புரை என்று பிரித்து வைத்தார்கள் அல்லவா? இந்தப் பிள்ளைகள் பதவுரையோடு நின்றுவிடுகிறார்கள். தேர்வு பொழிப்புரை கேட்கிறது.

வாக்கிய வரிசையும் அப்படித்தான். 'என் மாமா வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் மனிதர்' என்று நாம் அடையை முன்னால் வைத்து ஆளைப் பின்னால் வைப்போம். சீனத்திலும் அதே வரிசை. நம் பெயரெச்சம் செய்யும் வேலையை அங்கே 'த' என்ற சின்னஞ்சிறு சொல் செய்கிறது. ஆங்கிலம் ஆளை முதலில் நிறுத்திவிட்டு, விவரத்தைப் பின்னால் வாலாகக் கட்டும். நீண்ட வாக்கியத்தில் வாலின் நுனிக்குப் போவதற்குள் ஆள் யார் என்பது மறந்துவிடும். உடனே முதலிலிருந்து படிப்பார்கள். ஒரே வரியை மூன்று முறை. நேரம் போவது இங்கேதான், சொல் தெரியாததால் இல்லை. கொண்டுகூட்டிப் பொருள் கொள்ளும் பழக்கத்தை விடச் செய்வது கஷ்டம். நான் செய்வது ஒன்றுதான்: அட்டை ஒன்றால் படித்த பகுதியை மறைத்துக்கொண்டே போகச் சொல்வேன். திரும்பிப் பார்க்க வழி இருக்காது. முதல் வாரம் என்னைச் சபிப்பார்கள்.

எழுத்துப் பகுதியில் வார்ப்புகள் என்று ஒரு வியாபாரம் நடக்கிறது. 'சமுதாயத்தின் துரித வளர்ச்சியோடு' என்று தொடங்கும் முன்னுரை, 'நாணயத்துக்கு இரண்டு பக்கம்' என்று ஒரு நடு, எந்தத் தலைப்பையும் நடுவில் சொருகலாம். விடைத்தாள் திருத்துபவர் கட்டுரையை மொத்தமாகப் படித்து 2, 5, 8, 11, 14 என்ற படிகளில் ஒன்றில் வைத்து, தேவைப்பட்டால் ஒன்று கூட்டிக் குறைப்பார். வார்ப்பில் வார்த்த கட்டுரை அவருக்கு நூறாவது முறை. கேட்டது 120 முதல் 180 சொல்தான். வார்ப்பே எழுபது சொல்லைத் தின்றுவிட்டால் சொந்தமாகச் சொல்ல என்ன மிச்சம்?

மொழிபெயர்ப்புக்குச் சீனத்தில் 140 முதல் 160 எழுத்துகள் வரை ஒரு பத்தி. தேநீர், ஆறு, மலை, பண்டிகை என்று பெரும்பாலும் அவர்கள் ஊர் விஷயம்தான். இங்கே இரண்டு வேலை. ஒன்று, சீன வாக்கியத்தில் எழுவாய் இல்லாமல் இருந்தால் யார் செய்தது என்று கண்டுபிடித்துப் போடுவது. தமிழிலும் எழுவாயை விழுங்குகிறோம், ஆனால் வினை முற்று காட்டிக்கொடுத்துவிடும். அங்கே அதுவும் இல்லை. இரண்டு, 'இருந்தாலும்… ஆனால்' என்ற ஜோடியில் ஒன்றை வெட்டுவது. சீனத்தில் இரண்டும் வரலாம், ஆங்கிலத்தில் 'ஆல்தோ' வந்தால் 'பட்' வரக்கூடாது. காகிதத்தில் உருவம் வெட்டும் கலைக்கு ஆங்கிலப் பெயர் தெரியாமல் பத்து நிமிடம் பேனாவைக் கடித்த பையனுக்கு, காகிதத்தை வெட்டிச் செய்யும் படம் என்று எழுதியிருந்தாலே மதிப்பெண் வந்திருக்கும்.

தேர்வுக்கு முந்தின இரவு விடை விற்பவர்களைப் பற்றி ஒரு வரி. அரட்டைக் குழுக்களில் வருவார்கள். ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்து இருக்கைக்கு வேறு வேறு வினாத்தாள் தருகிற தேர்வு இது. யாருடைய தாளுக்கு யார் விடை விற்கிறார்? பணம் போகும், மாட்டினால் மதிப்பெண்ணும் போகும்.

இதைவிட எனக்கு வயிறு எரிந்தது ஒரு பையன் கதை. நல்ல காது அவனுக்கு. கேட்டல் விடைகளை வினாத்தாளிலேயே வட்டம் போட்டு வைத்தான், கடைசியில் நிதானமாக விடைத்தாளில் நிரப்பலாம் என்று. கட்டுரையும் கேட்டலும் உள்ள முதல் விடைத்தாளைக் கேட்டல் முடிந்த உடனே வாங்கிவிடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து கேள்வி, எல்லாம் வெள்ளை. தயாரிப்பில்லாமல் போவதை அங்கே 'லுவோகாவ்' என்பார்கள், அம்மணமாகத் தேர்வுக்குப் போவது என்று பொருள். இவன் முழு உடுப்போடு போய்க் கதவு தெரியாமல் முட்டிக்கொண்டவன். அதனால் ஒரு முறையாவது 2பி பென்சிலோடு, கடிகாரம் வைத்து, 125 நிமிடமும் உட்கார்ந்து பழைய தாள் ஒன்றை எழுதச் சொல்கிறேன். பல வளாகங்களில் கேட்டல் பகுதி எஃப்.எம். அலைவரிசையில் வரும். அந்த ஹெட்ஃபோனுக்குப் புது பேட்டரி, கூட ஒரு ஜோடி மாற்று.

417 வாங்கிய பெண்ணோடு மார்ச்சிலிருந்து ஜூன் வரை சொற்புத்தகத்தை மூடி வைத்தோம். நாளுக்கு ஒரு செய்தித் துணுக்கு, அவ்வளவுதான். கேட்பது, எழுதுவது, எழுத்து வடிவத்தோடு ஒப்பிடுவது, விட்ட இடத்தைச் சிவப்பில் குறிப்பது, அப்புறம் ஒலிப்பதிவோடு சேர்ந்து வாய்விட்டுப் படிப்பது. முப்பது நொடி ஒலிக்கு நாற்பது நிமிடம் பிடிக்கும். முதல் மாதம் தாள் முழுக்கச் சிவப்பு. சிவந்த இடங்களில் புதுச் சொல் அபூர்வம். எல்லாம் ஆஃப், அண்ட், ஆன், ஹேட் என்ற பொடிகள், இரண்டு சொல் ஒட்டிக்கொண்ட இடங்கள்.

ஆகஸ்ட் கடைசியில் மறுபடியும் ஒரு படம் வந்தது. மொத்தம் 439. கேட்டல் 151, வாசிப்பு 160, எழுத்தும் மொழிபெயர்ப்பும் 128. இந்த முறை கீழே ஒரு வரி இருந்தது: 'லாவ்ஷீ (டீச்சர்), வாசிப்பில் எட்டு குறைந்துவிட்டதே, ஏன்?'